வளையத்துக்குள் ஒரு வரலாறு – 6: வாளி தட்டிய கன்னியாஸ்திரிகள்

1972 மார்ச் மாதம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், சில மைல் இடைவெளியில் இருக்கும் இரண்டு கல்லூரிகள் வட்டாரப் பட்டத்துக்காக மோதின. ஒன்று வெஸ்ட் செஸ்டர் அரசுக் கல்லூரி. உடற்கல்வி ஆசிரியைகளை உருவாக்குவதில் பேர்போன இடம். மற்றது இம்மாகுலாட்டா. கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் நடத்தும் சின்னஞ்சிறு பெண்கள் கல்லூரி. வெஸ்ட் செஸ்டர் ஜெயித்தது, 70–38. முப்பத்திரண்டு பாயின்ட் வித்தியாசம் என்பது கூடைப்பந்தில் தோல்விக் கணக்கில் வராது. துவைத்துக் காயப்போட்ட கணக்கில்தான் வரும்.

வெஸ்ட் செஸ்டரின் பயிற்சியாளர் கரோல் எக்மனைச் சென்ற இதழில் பார்த்தோம். 1969-ல் 16 கல்லூரிகளைத் தன் கல்லூரிக்கு வரவழைத்து, பெண்களுக்கான முதல் தேசிய அழைப்புப் போட்டியை நடத்தியவர். அந்த வருடம் பட்டமும் அவருடைய அணிக்கே போனது. இம்மாகுலாட்டாவின் பயிற்சியாளர் கேத்தி ரஷ் அதே வெஸ்ட் செஸ்டரில் படித்து 1968-ல் பட்டம் வாங்கியவர். தான் படித்த கல்லூரியிடமே இப்படி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இந்த இரண்டு அணிகளும் அதே மாதத்தில் இன்னொரு முறை சந்தித்தன. அந்த ஆட்டம்தான் இந்த அத்தியாயம்.

*

இம்மாகுலாட்டா ஃபிலடெல்ஃபியா நகருக்கு மேற்கே, மால்வெர்ன் என்ற ஊரை ஒட்டிய மேட்டு நிலத்தில் இருக்கிறது. மரியாளின் மாசற்ற இருதய ஊழியச் சகோதரிகள் சபை 1920-ல் அதைத் தொடங்கியது. முதல் பெயர் வில்லா மரியா. 1929-ல் இம்மாகுலாட்டா ஆனது. 1939-ல் கூடைப்பந்து அணி வந்தது.

இந்த 1939 என்ற வருடம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய ஒன்று. 1920-களிலிருந்தே அமெரிக்காவின் பெண் உடற்கல்வி வல்லுநர்கள், போட்டி விளையாட்டு பெண்களுக்கு ஆகாது என்று பிரசாரம் செய்துகொண்டிருந்தார்கள். உடம்புக்குக் கேடு, மனசுக்குக் கேடு, டிக்கெட் போட்டுக் கூட்டம் சேர்த்தால் மானத்துக்கும் கேடு. கல்லூரிகளுக்கு இடையிலான ஆட்டங்களை நிறுத்திவிட்டு, எல்லாக் கல்லூரிப் பெண்களையும் ஒரே நாளில் கூட்டி, கலந்து குழு பிரித்து, விளையாடி, பலகாரம் சாப்பிட்டுக் கலைவதை ‘பிளே டே’ என்று பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள் என்று இந்தத் தொடரில் ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். அதன் விளைவு இரண்டு தலைமுறைப் பெண்களின் தலையில் விடிந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஃபிலடெல்ஃபியாவின் கத்தோலிக்கத் தெருக்களுக்கு இந்த உபதேசம் எட்டவில்லை. எட்டியபோதும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அங்கே ஒவ்வொரு பங்குக் கோயிலுக்கும் ஓர் அணி. பெண்கள் உயர்நிலைப் பள்ளிகளுக்கென்று லீக். அண்ணன் தம்பிகளோடு சந்து மைதானத்தில் முட்டி மோதி விளையாடிப் பழகிய பெண்கள், பள்ளி முடிந்ததும் பக்கத்தில் இருக்கிற கன்னியாஸ்திரிகள் கல்லூரிக்கு வந்தார்கள். அவர்கள் ஆடிப் பழகிய ஆட்டமும் கூடவே வந்தது. ஜூலி பர்ன் என்ற மத வரலாற்று ஆய்வாளர் இந்தப் பெண்களைத் தேடித் தேடிப் பேட்டி கண்டு 2003-ல் ஒரு புத்தகமே எழுதினார். பக்தியும் பந்தும் அவர்களுக்குள் சண்டையே போட்டுக்கொள்ளவில்லை என்பதுதான் அதில் என்னைக் கவர்ந்த செய்தி.

1970-ல் கேத்தி ரஷ் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு வயது 23. சம்பளம் பருவத்துக்கு 450 டாலர். கணவர் எட் ரஷ், ஆண்களின் தொழில்முறைக் கூடைப்பந்தான என்.பி.ஏ.வில் நடுவர். வீட்டிலும் பந்துப் பேச்சுக்குப் பஞ்சமில்லை. கல்லூரிக்கு வந்து பார்த்தால் உள்விளையாட்டரங்கம் இல்லை. 1967-ல் தீப்பிடித்து எரிந்துபோயிருந்தது. கன்னியாஸ்திரி ஆகப் பயிற்சி பெறும் இளம்பெண்கள் தங்கியிருந்த கட்டடத்தின் அடித்தளக் கூடத்தில்தான் பயிற்சி. சொந்தக் களத்தில் ஆட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

உடையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நீல நிறக் கம்பளித் துணியில், பட்டையாக மடிப்பு வைத்துத் தைத்த, முழங்காலை எட்டப் பார்க்கும் ஒரு கவுன். உள்ளே வெள்ளைச் சட்டை. கவுனுக்கு அடியில் பொம்மிய காற்சட்டை. வியர்வையில் நனைந்தால் கம்பளி என்ன கனம் கனக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதைப் போட்டுக்கொண்டுதான் ஃபாஸ்ட் பிரேக் ஓடினார்கள்.

தீ இந்தக் கதைக்குள் இன்னொரு வழியாகவும் வருகிறது. தெரசா ஷேங்க் என்ற பெண் பள்ளியிலேயே பெயர் எடுத்த சென்டர் ஆட்டக்காரி. உயரம் ஆறடிக்குச் சற்றுக் குறைவு. மேரிலாந்து மாநிலத்தில் ஒரு கல்லூரிக்குப் போவதாக இருந்தாள். அந்த நேரத்தில் குடும்பம் குடியிருந்த வீடு எரிந்துபோனது. பெற்றோரை அந்த நிலையில் விட்டுவிட்டு வெளியூர் போக மனமில்லாமல், வீட்டிலிருந்து போய்வருகிற தூரத்தில் இருந்த இம்மாகுலாட்டாவில் சேர்ந்தாள். முதல் வருடமே கார் விபத்தில் காறையெலும்பு முறிந்தது. அந்தப் பருவத்தின் முடிவில் அணி வென்றது 10, தோற்றது 2. அவள் முழுதாக ஆடியிருந்தால் என்ற கேள்விக்கு அடுத்த பருவம் பதில் சொன்னது.

*

அந்த இடைவெளியில் ஆட்டமே மாறிவிட்டது. 1971 வரை கல்லூரிப் பெண்கள் ஆடியது அணிக்கு ஆறு பேர் ஆடும் ஆட்டம். அதில் இருவர் மட்டும்தான் களம் முழுக்க ஓடலாம். மற்ற நால்வருக்கும் நடுக்கோடு லட்சுமணன் கோடு. 1971-ல் அதை எடுத்துவிட்டு, ஆண்களைப் போலவே ஐந்து பேர், முழுக்களம் என்று ஆக்கினார்கள். கூடவே 30 விநாடிக் கடிகாரத்தையும் வைத்தார்கள்: பந்து கைக்கு வந்தால் 30 விநாடிக்குள் கூடையைப் பார்த்து எறிந்தாக வேண்டும், பந்தைப் பதுக்கி நேரத்தைக் கடத்த முடியாது. ஆண்கள் கல்லூரி ஆட்டத்தில் நாடு தழுவிய விதியாக இப்படி ஒரு கடிகாரம் வர 1985 ஆயிற்று. அதுவும் 45 விநாடி. இந்த ஒரு விஷயத்தில் பெண்கள் 14 வருடம் முந்திக்கொண்டார்கள். ஏனோ இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

சந்து மைதானத்தில் முழுக்களம் ஆடிப் பழகியவர்களுக்குப் புது விதி எப்படி இருந்திருக்கும்! அதுவரை ஆறு பேர் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்த பல கல்லூரிகள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, ரஷ்ஷின் பெண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அதே 1971-ல்தான் பெண்களுக்கென்று தனியாக ஒரு கல்லூரி விளையாட்டுச் சங்கம் பிறந்தது. சுருக்கமாக ஏ.ஐ.ஏ.டபிள்யூ. எக்மனின் அழைப்புப் போட்டி வழிவிட, இந்தச் சங்கத்தின் முதல் தேசிய சாம்பியன் போட்டி 1972 மார்ச்சில் இல்லினாய் மாநிலத்தின் நார்மல் என்ற ஊரில் நடந்தது. 16 அணிகள். வெஸ்ட் செஸ்டரிடம் 32 பாயின்டில் தோற்ற கையோடு வந்த இம்மாகுலாட்டாவுக்குத் தரவரிசையில் 15-ஆம் இடம்.

போவதற்குக் காசில்லை. மாணவிகள் பல்துலக்கும் பிரஷ் விற்றார்கள். கிடைத்த பணம் எட்டு ஆட்டக்காரிகளுக்குத்தான் போதுமானதாக இருந்தது. மற்றவர்கள் ஊரிலேயே தங்கிவிட்டார்கள். போன எட்டுப் பேருக்கும் ஸ்டாண்ட்-பை டிக்கெட். விமானத்தில் கடைசி நேரத்தில் இடம் காலியாக இருந்தால் ஏற்றிக்கொள்வார்கள், இல்லாவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

முதல் ஆட்டத்தில் சவுத் டகோட்டா ஸ்டேட்டை 60–47 என்று வென்றார்கள். சிரமமில்லாத வெற்றி இது ஒன்றுதான். கால் இறுதியில் இண்டியானா ஸ்டேட்டுடன் 49–47. அரையிறுதியில் முந்தைய வருட சாம்பியனான மிசிசிப்பி மகளிர் கல்லூரியுடன் 46–43. ஸ்கோரைப் பார்த்தாலே தெரிகிறது, ஒவ்வொரு ஆட்டமும் கடைசி நிமிடம் வரை இழுபறி. ஓய்வு நாள் என்று ஒன்று கிடையாது. எட்டுப் பேரை வைத்துக்கொண்டு யாரை உட்கார வைப்பது, யாரை இறக்குவது?

இறுதியாட்டத்தில் எதிரே நின்றது வெஸ்ட் செஸ்டர்.

ரஷ் அன்று என்ன பேசினார் என்பதைப் பற்றி, இந்த அணியை வைத்துப் பின்னாளில் வந்த சினிமா ஒரு மாதிரி சொல்லும், பழைய ஆட்டக்காரிகள் ஒரு மாதிரி சொல்வார்கள். எனக்குத் தோன்றுவது எளிமையான ஒரு கணக்கு. அந்த முந்தைய ஆட்டத்தில் தோற்றதால் இம்மாகுலாட்டாவுக்கு எதுவும் போகவில்லை. இரண்டு அணிகளுக்குமே தேசியப் போட்டிக்கு இடம் கிடைத்தது. ஆனால் அந்த 70–38 வெஸ்ட் செஸ்டருக்கு ஒன்றைத் தந்துவிட்டது: இவர்களைத் தெரியும் என்ற நினைப்பு. 52–48 என்று இம்மாகுலாட்டா வென்றது. அந்தப் பருவத்தில் அவர்கள் ஆடிய 25 ஆட்டங்களில் 24 வெற்றி. ஒரே தோல்வி எதுவென்று சொல்ல வேண்டியதில்லை.

ஸ்டாண்ட்-பையில் போனவர்கள் முதல் வகுப்பில் திரும்பினார்கள். கல்லூரியிலிருந்து அப்படி உத்தரவு வந்திருந்தது. ஃபிலடெல்ஃபியா விமான நிலையத்தில் ஒரு கூட்டம் காத்திருந்தது.

*

இப்போது வாளிக்கு வருவோம்.

அணியில் ரெனே மூத் என்றொரு பெண். அவளுடைய அப்பாவுக்கு ஹார்டுவேர் கடை. கடையிலிருந்து தகர வாளிகளைக் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆட்டத்துக்கு வருவார். பார்வையாளர் வரிசையில் ஆளுக்கொரு வாளி, ஆளுக்கொரு கட்டை. வாங்கித் தட்டியவர்களில் அங்கி அணிந்த கன்னியாஸ்திரிகளும் உண்டு. தகரத்தின் மேல் கட்டை விழுகிற சத்தம், மூடிய அரங்கத்துக்குள், தாழ்ந்த கூரைக்கு அடியில், நூற்றுக்கணக்கான கைகளிலிருந்து. எதிரணி ஃப்ரீ த்ரோ எடுக்க நின்றால் கேட்கவே வேண்டாம். நம் ஊர் கான்வென்ட் பள்ளிகளில் படித்தவர்களுக்குத் தெரியும், மைதானத்து ஓரத்தில் ஒரு சிஸ்டர் வந்து நின்றால் சத்தம் அடங்கிவிடும். இம்மாகுலாட்டாவில் சத்தமே சிஸ்டர்கள்தான்.

ஆட்டத்துக்கு வர முடியாத மூத்த கன்னியாஸ்திரிகளும் இருந்தார்கள். கல்லூரி வளாகத்திலேயே இருந்த கமிலா ஹால் என்ற முதியோர் இல்லத்தில், ஆட்ட நாட்களில் ஜெபமாலை உருண்டது. தோற்றுப்போன அணிகள் இதைப் பற்றிப் புகார் சொல்லவும் முடியாது.

2011-ல் ‘தி மைட்டி மேக்ஸ்’ என்று ஒரு படம் வந்தது. கார்லா குகினோ ரஷ்ஷாக நடித்தார். பார்க்க இதமான படம்தான். ஆனால் அதில் வரும் தலைமைச் சகோதரி பந்தைக் கண்டாலே முகம் சுளிக்கிறார். அவர் மனம் மாறுவதுதான் கதையின் முடிச்சு. நிஜத்தில் அந்த முடிச்சே இல்லை. அந்தச் சபையில் இருந்த பல சகோதரிகள் அதே ஃபிலடெல்ஃபியா பள்ளிகளில் அதே பந்தைத் தட்டி வளர்ந்தவர்கள். சினிமாவுக்கு எதிர்ப்பு தேவைப்பட்டது, அதனால் ஒன்றைத் தைத்துக்கொண்டார்கள். கன்னியாஸ்திரிகள் முதல் நாளிலிருந்தே ஆட்டத்தின் பக்கம் நின்றார்கள் என்பது அதைவிடச் சுவையான கதை என்பது என் அபிப்பிராயம்.

1973. மரியான் கிராஃபோர்ட் என்ற பாயின்ட் கார்டு அணியில் சேர்ந்தாள். பந்தை அவள் கையில் கொடுத்தால் ஷேங்க் எங்கே நிற்கிறாள் என்று பார்க்காமலே போய்ச் சேரும். அந்தப் பருவம் முழுக்க ஆடியது 20, வென்றது 20. அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

தேசியப் போட்டியின் அரையிறுதி. எதிரணி சதர்ன் கனெக்டிகட். ஏறக்குறைய மூன்று நிமிடம் பாக்கி இருக்கும்போது இம்மாகுலாட்டா 12 பாயின்ட் பின்னால். இன்றைய ரசிகருக்கு இது மலையாகத் தெரியாது. நாலு மூன்று-பாயின்ட் எறிதல் போதும். அன்று அந்த மூன்று பாயின்ட் கோடே கிடையாது. எங்கிருந்து எறிந்தாலும் கூடைக்கு இரண்டுதான். அதாவது ஆறு கூடை போட வேண்டும், எதிரணி ஒன்றும் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கேதான் அந்த 30 விநாடிக் கடிகாரம் கைகொடுத்தது. பழைய ஆட்டமாக இருந்தால் சதர்ன் கனெக்டிகட் பந்தைத் தங்களுக்குள்ளேயே மாற்றி மாற்றி மூன்று நிமிடத்தையும் ஓட்டியிருப்பார்கள். இப்போது அரை நிமிடத்துக்கு ஒருமுறை அவர்கள் எறிந்தே ஆக வேண்டும்; தவறினால் பந்து இம்மாகுலாட்டாவுக்கு. இடைவெளி பத்தானது, எட்டானது, குறைந்துகொண்டே வந்து 45–45 ஆனது. கடைசி விநாடிகளில் எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது. ஷேங்க் எழும்பி அதை அப்படியே உள்ளே தட்டிவிட்டாள். மணி அடித்தது. 47–45.

இறுதியாட்டம் நியூயார்க்கில், குவீன்ஸ் கல்லூரியின் சொந்த அரங்கத்தில், குவீன்ஸ் கல்லூரிக்கு எதிராகவே. அரங்கம் முழுக்க அவர்கள் ஆட்கள். 59–52 என்று ஜெயித்துவிட்டு வந்தார்கள்.

1974-ல் மூன்றாவது பட்டம். கன்சாஸ் மாநிலத்தில், மிசிசிப்பி கல்லூரிக்கு எதிராக 68–53. அந்தப் பருவத்தில் ஒரே ஒரு தோல்வி. 35 ஆட்டமாக நீண்டிருந்த வெற்றித் தொடரை முறித்தது அதே குவீன்ஸ். லூசில் கைவாலோஸ் என்ற பயிற்சியாளர் அந்த நியூயார்க் அணியை வளர்த்திருந்த விதம் தனியாக எழுத வேண்டியது. ஷேங்க் அந்த வருடம் படிப்பு முடித்து வெளியேறினாள்.

*

பட்டங்கள் அதோடு நின்றன. ஆனால் ஊர் உலகம் அவர்களைப் பார்த்தது அதற்கு அடுத்த வருடத்தில்தான்.

1975 ஜனவரி 26. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் கோல் ஃபீல்டு ஹவுஸில் இம்மாகுலாட்டா ஆடியது. பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்து நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது அன்றுதான் முதல்முறை. ஸ்கோர் 80–48. வித்தியாசம் அதே 32, இந்த முறை தங்கள் பக்கம். மேரிலாந்து பிரமாண்டமான அரசுப் பல்கலைக்கழகம் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

நான்கு வாரம் கழித்து, பிப்ரவரி 22. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன். குத்துச்சண்டையிலும் ஆண்கள் கூடைப்பந்திலும் அந்த அரங்கத்துக்கு இருந்த பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. பெண்கள் கல்லூரி ஆட்டம் ஒன்று அதுவரை அங்கே நடந்ததில்லை. அன்று இரட்டை ஆட்டம்: முதலில் இம்மாகுலாட்டாவும் குவீன்ஸும், பிறகு ஆண்கள் கல்லூரி ஆட்டம் ஒன்று. வந்தவர்கள் 11,969 பேர். ஆட்டம் தொடங்குமுன் ஒலிபெருக்கியில் ஹெலன் ரெட்டியின் ‘ஐ ஆம் உமன்’ பாட்டைப் போட்டார்கள். அந்த வருடங்களில் பெண்கள் இயக்கத்தின் கீதம் போல ஒலித்துக்கொண்டிருந்த பாட்டு அது. குவீன்ஸ் பக்கம் கெயில் மார்க்விஸ் ஆடினார். அடுத்த வருடமே ஒலிம்பிக் வெள்ளிப் பதக்கம் வாங்கப் போகிறவர். 65–61 என்று இம்மாகுலாட்டா வென்றது.

இதில் எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். ஆண்கள் ஆட்டம் தொடங்குவதற்குள் கூட்டத்தில் கணிசமான பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். எந்த ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கினார்கள் என்பதில் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை.

ஆனால் அதே 1975 மார்ச்சில் தேசிய இறுதியாட்டத்தில் டெல்டா ஸ்டேட் அவர்களை 90–81 என்று சாய்த்தது. 1976-லும் இறுதியாட்டம், அதே டெல்டா ஸ்டேட், 69–64. ஆறடி மூன்றங்குல உயரத்தில் லூசியா ஹாரிஸ் கூடைக்கு அடியில் நின்றபோது வாளிச் சத்தமும் ஜெபமாலையும் பலிக்கவில்லை. 1977-ல் நான்காம் இடம். ரஷ் அத்தோடு விலகிக்கொண்டார். அவர் கணக்கில் 149 வெற்றி, 15 தோல்வி. தொடர்ந்து ஆறு முறை தேசியக் கடைசி நால்வரில் இடம்.

அதன் பிறகு அந்தக் கல்லூரியின் பெயர் தேசியப் பட்டியலில் மீண்டும் வரவே இல்லை. ஏன்?

நார்மல் ஊரில் முதல் கோப்பையை வாங்கி மூன்று மாதம் ஆகியிருந்தபோது, 1972 ஜூன் 23 அன்று, அதிபர் நிக்சன் கல்விச் சட்டத் திருத்தம் ஒன்றில் கையெழுத்துப் போட்டார். அதில் ‘டைட்டில் நைன்’ எனப்படும் பகுதியின் மையம் 37 சொற்கள் கொண்ட ஒரே வாக்கியம்: மத்திய அரசின் பணம் பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் பாலின அடிப்படையில் யாரையும் ஒதுக்கக் கூடாது. விளையாட்டு என்ற சொல்லே அந்த வாக்கியத்தில் கிடையாது. ஆனால் ஆண்கள் அணிக்குக் கோடி கோடியாகக் கொட்டிவிட்டுப் பெண்கள் அணிக்குப் பழைய பந்தைக் கொடுத்துக்கொண்டிருந்த பல்கலைக்கழகங்களுக்கு அர்த்தம் புரிந்தது.

ஏ.ஐ.ஏ.டபிள்யூ. தொடக்கத்தில் விளையாட்டுக்காக உதவித்தொகை கொடுப்பதையே தடை செய்திருந்தது. ஆண்கள் விளையாட்டில் ஆள்பிடிப்பும் பணப்பேரமும் நடந்த அழகைப் பார்த்து, அந்தச் சேறு நமக்கு வேண்டாம் என்று ஒதுங்கியிருந்தார்கள். 1973-ல் ஃபுளோரிடாவில் மேரிமவுண்ட் கல்லூரியின் டென்னிஸ் ஆட்டக்காரிகளும் சேர்ந்து தொடுத்த வழக்கில் அந்தத் தடை தளர்ந்தது. ஆணுக்குக் கிடைக்கும் உதவித்தொகை பெண்ணுக்கு ஏன் கூடாது என்பது கேள்வி. பதில் சொல்ல முடியாத கேள்வி. 1974-ல் ஆன் மேயர்ஸ் முழு உதவித்தொகையோடு லாஸ் ஏஞ்சலஸின் யு.சி.எல்.ஏ.வில் சேர்ந்தார்.

இம்மாகுலாட்டா யாருக்கும் உதவித்தொகை கொடுத்ததில்லை. கொடுக்கக் காசும் இல்லை. வீட்டிலிருந்து போய்வரக் கூடிய தூரம் என்பதற்காக ஒரு தெரசா ஷேங்க் வந்து சேர்ந்த காலம், உதவித்தொகை வந்த நாளோடு முடிந்தது. 1978 தேசிய இறுதியாட்டத்தில் யு.சி.எல்.ஏ. மேரிலாந்தை வென்றது. மேரிலாந்து, மூன்று வருடம் முன்பு சொந்த அரங்கத்தில் 32 பாயின்டில் தோற்ற அதே மேரிலாந்து, இறுதியாட்டத்தில். இம்மாகுலாட்டா அங்கே இல்லை.

சட்டம் நியாயமானது. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. பெண்கள் விளையாட்டுக்குக் கதவு திறந்த அதே சட்டம், பல்துலக்கும் பிரஷ் விற்றுப் போட்டிக்குப் போன கல்லூரிக்கு அந்தக் கதவுக்குள் நுழையக் கட்டணம் வைத்துவிட்டது என்பதையும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

*

கல்லூரி பட்டியலை விட்டுப் போனது. அங்கே ஆடியவர்கள் போகவில்லை. தெரசா ஷேங்க் கல்யாணத்துக்குப் பிறகு தெரசா கிரென்ட்ஸ் ஆனார். 1976-ல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் அவரைப் பெண்கள் கூடைப்பந்துக்கு முழுநேரப் பயிற்சியாளராக அமர்த்தியது. நாட்டிலேயே அப்படி ஒரு வேலை அதுதான் முதலாவது என்பார்கள். ரஷ்ஷின் 450 டாலரை நினைத்துக்கொள்ளுங்கள்; இடையில் ஓடியது ஆறு வருடம். 1992 ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியின் பயிற்சியாளரும் அவரே, வெண்கலம் கிடைத்தது.

மரியான் கிராஃபோர்ட், மரியான் ஸ்டான்லி ஆனார். வர்ஜீனியாவின் ஓல்டு டொமினியன் பல்கலைக்கழகத்தில் மூன்று தேசியப் பட்டங்கள்: 1979, 1980, 1985. பிறகு தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, ஆண்கள் அணியின் பயிற்சியாளருக்குக் கொடுக்கும் சம்பளத்தைத் தனக்கும் கேட்டு 1993-ல் வழக்குப் போட்டார். தோற்றார். ஆனாலும் அந்த வழக்கைச் சொல்லாமல் சம ஊதியம் பற்றி அமெரிக்க விளையாட்டில் யாரும் பேச முடிவதில்லை.

வாளிக் கடைக்காரரின் மகள் ரெனே மூத், ரெனே போர்ட்லண்ட் என்ற பெயரில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 27 வருடம் பயிற்சியாளராக இருந்து 600-க்கும் மேல் ஆட்டங்களை வென்றார். அவருடைய பெயர் இன்று நினைவுகூரப்படுவது வெற்றிகளுக்காக மட்டும் இல்லை. தன் அணியில் தன்பாலின ஈர்ப்புள்ள பெண்களுக்கு இடமில்லை என்று வெளிப்படையாகவே சொல்லி, வருடக்கணக்கில் அப்படியே நடந்துகொண்டார். முன்னாள் ஆட்டக்காரி ஒருவர் வழக்குப் போட்ட பிறகு பல்கலைக்கழகம் விசாரித்து 2006-ல் 10,000 டாலர் அபராதம் விதித்தது. 2007-ல் பதவி விலகினார். ஒதுக்கப்பட்ட ஆட்டத்தை ஆடி முன்னுக்கு வந்தவர் மற்றவர்களை ஒதுக்கினார். புகழாரங்களில் இந்தப் பகுதியை விழுங்கிவிட்டு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எழுதினால் முழுவதையும் எழுத வேண்டும்.

கேத்தி ரஷ்ஷுக்கு 2008-லும், 1972 முதல் 1974 வரையிலான அணிக்கு 2014-லும் ஸ்ப்ரிங்ஃபீல்டில் உள்ள நெய்ஸ்மித் கூடைப்பந்து நினைவரங்கத்தில் இடம் கிடைத்தது. கல்லூரி 2002-ல் பல்கலைக்கழகமாகி, 2005-ல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டது.

இனி 1982 மார்ச் 28. அன்று பெண்கள் கூடைப்பந்தில் தேசிய இறுதியாட்டம் ஒன்றல்ல, இரண்டு நடந்தன. அதுவரை பெண்களை எட்டிப் பார்க்காத ஆண்களின் சங்கமான என்.சி.ஏ.ஏ., பணம் வரும் என்று தெரிந்ததும் பெண்களுக்கும் ஒரு போட்டியைத் தொடங்கியிருந்தது. அதன் முதல் இறுதியாட்டம் வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில், ஸ்டான்லி பயிற்சியாளராக இருந்த ஊரில். அதே நாள் ஃபிலடெல்ஃபியாவின் பழைய பலஸ்ட்ரா அரங்கத்தில் ஏ.ஐ.ஏ.டபிள்யூ.வின் கடைசி இறுதியாட்டம். அதில் கிரென்ட்ஸின் ரட்கர்ஸ் அணி டெக்சஸை 83–77 என்று வென்றது. சங்கத்தின் முதல் கோப்பையை ஆட்டக்காரியாகத் தூக்கியவர் கடைசிக் கோப்பையைப் பயிற்சியாளராக வாங்கினார். சில மாதங்களில் சங்கமே கலைந்தது.

நார்ஃபோக்கில் அன்று தோற்ற அணி செய்னி ஸ்டேட். கறுப்பின மாணவர்களின் கல்லூரி; வெஸ்ட் செஸ்டரிலிருந்து கூப்பிடு தூரம். அந்த அணியையும் அதன் பயிற்சியாளர் விவியன் ஸ்ட்ரிங்கரையும் பிறகு பார்ப்போம். அதற்கு முன்னால் மிசிசிப்பிக்குப் போக வேண்டியிருக்கிறது. 1932-ல் பெண்கள் கூடைப்பந்தை நிறுத்திய ஒரு கல்லூரி, நாற்பது வருடம் கழித்து அதைத் திரும்பத் தொடங்கியபோது, நிறுத்திய நாளில் அழுத ஆட்டக்காரிகளில் ஒருவரையே தேடிப் பிடித்துப் பயிற்சியாளர் ஆக்கியது. மார்கரெட் வேடும் லூசியா ஹாரிஸும் அடுத்த இதழில்.

(தொடரும்)